2020–21 இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? (கடல் ஆய்வு, மண்டபம் பக்கம்)

தென்கடல்பாசி:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்துக்காரி. கடற்பாசியில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு உதவிப் பேராசிரியர் வேலைக்கும் போஸ்ட்டாக்குக்கும் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) மாறி மாறி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு நேர்காணல் (எங்கே என்று வேண்டாம்). உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "2020, 2021இல் ஒரு கட்டுரைகூடக் காணோமே, என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தீர்கள்?" கொரோனா சார் என்றேன். "அது எல்லாருக்கும்தானே வந்தது" என்று சிரித்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நடந்தது இதுதான். 2018இல் சேர்ந்தேன். கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் மாதாமாதம் எப்படி வளர்கின்றன, கூடவே தண்ணீரின் உப்பு, வெப்பம், நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன் இதெல்லாம் எப்படி மாறுகிறது என்று இரண்டு முழு வருஷத் தொடர் எடுக்க வேண்டும். ஒரு நிலையம் கரையோரம், இன்னொன்று தீவுப் பக்கம். 2019 ஜனவரியில் தொடங்கி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 2020 மார்ச் 25, எல்லாம் நின்றது. தீவுப் பக்கம் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கல்லூரிக் கடிதம் வேண்டும், கல்லூரியோ பூட்டிக்கிடந்தது, கைடு வேறு மாவட்டம், செப்டம்பர் வரை இ-பாஸ்.

இதில் வேடிக்கை, மீன்பிடிக்கு ஏப்ரலிலேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. தடைக்காலத்தைக்கூட அந்த வருஷம் 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து மே 31உடன் முடித்துவிட்டார்கள். அதனால் என் மாமனார் வல்லத்தில் போய்வந்துகொண்டிருந்தார், நான் வீட்டில். அவரிடம் பாட்டில் கொடுத்துவிட்டு, கரையோர நிலையத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். உப்பு பார்க்கிற கையடக்கக் கருவியும் வெப்பமானியும் என்னிடம் இருந்தன, நைட்ரேட் பாட்டிலை மீன் வைக்கிற ஃப்ரீசரில் போட்டுவிடலாம். கரைந்த ஆக்சிஜன்தான் தகராறு. விங்க்லர் முறையில் (கரைசல் சேர்த்து ஆக்சிஜனை அளக்கிற முறை) இரண்டு கரைசலையும் படகிலேயே விட்டு மூட வேண்டும், உள்ளே ஒரு குமிழி நின்றாலும் அளவு கெட்டுப்போகும். ஆடுகிற வல்லத்தில் ஒரு கையில் துடுப்பு வைத்திருக்கிற மனுஷரிடம் பிப்பெட்டைக் கொடுத்து "மாமா, நுனி தண்ணீருக்கு அடியில் இருக்கணும், மெதுவா விடணும்" என்றால்! பாவம், அவர் கொண்டுவந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு வண்டலுக்கு மேலே குமிழி உட்கார்ந்திருக்கும்.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பையனுக்கு மூன்று வயது. அந்த ஜூனில் எல்.கே.ஜி. போக வேண்டியவன். மழலையர் பள்ளி திறந்தது 2022 பிப்ரவரியில். மாமியாருக்குச் சர்க்கரை, அவரிடம் விட்டுவிட்டுப் போகவும் பயம். டிசம்பர் 2ஆம் தேதி ஆய்வு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்தார்கள், அதே வாரம் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்து நின்றுகொண்டது. அடுத்த மே மாதம் திரும்பவும் ஊரடங்கு.

கேள்வி: இதை எழுதலாமா, கூடாதா? எழுதினால் எவ்வளவு நீளம்? சில அக்காமார் பிள்ளையைப் பற்றி மூச்சே விடாதே, "இவளுக்கு இன்னும் வீட்டு வேலைதான் முக்கியம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்கிறார்கள்.

வடகடல்_நண்டு:

சகோதரி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். நானும் தொண்டிப் பக்கம் நண்டு ஆய்வுதான். எனக்கும் ஒரு முட்டைப் பருவம் மொத்தமாகப் போனது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், பெட்டியோடு ஊருக்குப் போனேன், உதவித்தொகையும் ஏழெட்டு மாதம் தாமதம். ஊரடங்கு ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று போடவில்லையே. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஆய்வேடு கொடுக்கிற கடைசி நாளை ஆறாறு மாதமாகத் தள்ளி 2022 ஜூன் 30 வரை கொண்டுபோனது, அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அதற்கு மேல் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல் என்று விதியிலேயே இருக்கிறது, மகப்பேறுக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. அக்காமார் சொன்னதுதான் சரி. நேர்காணலில் வீட்டுக் கதை எடுபடாது, அறிவியலை மட்டும் பேசுங்கள்.

கீழக்கரை_கணிப்பு:

வடகடல் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. ஊருக்குப் போனீர்கள் அல்லவா, அங்கே யார் சமைத்தது?

நான் இயற்பியல், கணினியில் மாதிரி ஓட்டுகிற வேலை. படகு வேண்டாம், வனத்துறை வேண்டாம், ஆய்வகம் பூட்டினாலும் லேப்டாப் இருந்தால் போதும். அதனால் ஊரடங்கில் கொடுத்துவைத்தவள் நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரர் துபாயில் மாட்டிக்கொண்டார், வந்தே பாரத் விமானம் கிடைத்து வர நாளாயிற்று. வீட்டில் மாமி, நான், இரண்டு பிள்ளைகள், கொழுந்தன் பிள்ளைகள் வேறு. "வீட்டில்தானே இருக்கே" என்கிற ஒரு வாக்கியத்தை அந்த வருஷம் கேட்ட அளவுக்கு வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போகிற நாளில் ஒன்பது மணிக்கு மேல் என்னை யாரும் தேடமாட்டார்கள், அந்தப் பேருந்துப் பயணம்கூட எனக்கு வாசிக்கிற நேரம். வீட்டிலேயே வேலை என்றதும், வேலை நடக்கிற மாதிரியே யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் நல்ல செல்போன் ஒன்றுதான். காலையில் பெரியவளுக்கு ஆன்லைன் வகுப்பு, அப்புறம் சின்னவனுக்கு, நடுவில் நான் எடுக்க வேண்டிய வகுப்பு. சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து குவாண்டம் இயக்கவியல் நடத்தியிருக்கிறேன், கீழே இருந்து "பால் பொங்குது" என்று சத்தம் வரும், அந்தப் பக்கம் மாணவிகள் சிரிப்பார்கள், அவர்கள் வீட்டிலும் பொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். கல்லூரி சம்பளத்தையும் பாதியாக்கிவிட்டது (பெயர் வேண்டாம், அந்த நேரத்தில் சுயநிதிக் கல்லூரிகளில் இது சாதாரணம்). நிரலை இரவு பதினொன்றுக்கு மேல் திறந்தால், நேற்று எதற்காக அந்த வரியை எழுதினேன் என்று கண்டுபிடிக்கவே அரைமணி போய்விடும்.

ஒரே ஊரடங்குதான் அண்ணே. உள்ளே இருந்த வீடு வேறு.

வடகடல்_நண்டு:

அம்மா சமைத்தார்கள். மறைக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் பழைய தரவை வைத்து இரண்டு கட்டுரையும் எழுதினேன். ஆனால் இதையும் கேளுங்கள்: என் கூடப் படித்த நண்பன் ஒருவன், அப்பாவுக்குப் பக்கவாதம், ஒரே பிள்ளை, அவனும் இரண்டு வருஷம் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு என்ன சலுகை? பெண் என்பதற்காகக் கொடுப்பதை விட, யார் வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று பார்த்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய_பாசிக்காரி:

ஓய்வு பெற்றுவிட்டேன். தேர்வுக் குழுக்களில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்வதில் பாதி நியாயம். பார்த்துக்கொள்கிற பொறுப்பை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "எல்லோருக்கும் ஒரே மாதிரி" என்பதற்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 4,500 ஆய்வாளர்களிடம் கேட்டு எடுத்த ஒரு கணக்கு அந்த ஜூலையில் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் ஆய்விதழில் வந்தது. ஆய்வுக்குச் செலவிடும் நேரம் எல்லோருக்கும் குறைந்தது. மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும் பெண்களுக்கு 5 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது, ஐந்து வயதும் அதற்குக் கீழும் பிள்ளை இருப்பவர்களுக்கு 17 சதவீதம் கூடுதலாக. பெண்ணாகவும் இருந்து மூன்று வயதுப் பையனும் இருந்தால் இரண்டும் சேர்ந்து விழும், நம் பாசிக்காரிக்கு விழுந்த மாதிரி. எல்செவியர் பதிப்பகத்தின் 2,329 ஆய்விதழ்களுக்கு 2020 பிப்ரவரி முதல் மே வரை வந்த கட்டுரைகளை வைத்து இன்னொரு ஆய்வும் உண்டு. வீட்டில் அடைந்து கிடந்த காலத்தில் கட்டுரை வரத்து மொத்தமாகக் கூடியிருக்கிறது, கூடியதில் பெண்களின் பங்கு ஆண்கள் அளவுக்கு இல்லை. தம்பி எழுதிய இரண்டும் அந்தக் கூடுதலில்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

எல்லோருக்கும் சமமாக அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் பிள்ளை பிறந்தால் தாய், தகப்பன் இருவருக்கும் டென்யூர் (நிரந்தரப் பேராசிரியர் பணி) பெறும் கெடுவை ஒரு வருஷம் நீட்டினார்கள். 2018இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ ஆய்விதழில் முடிவு வந்தது: அதே துறையில் ஆண்கள் டென்யூர் பெறுவது 19 சதவீதப் புள்ளி ஏறியது, பெண்களுக்கு 22 இறங்கியது. அந்த வருஷத்தை அவர்கள் எழுதப் பயன்படுத்தினார்கள், இவர்கள் பிள்ளைக்குப் பயன்படுத்தினார்கள். நமக்கு டென்யூர் கிடையாது, அதனால் அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனால் அமெரிக்க தேசிய அகாதமிகள் பெண் விஞ்ஞானிகளுக்குக் கொரோனாவில் என்ன ஆனது என்று 2021இல் அறிக்கை போட்டபோது இந்த நீட்டிப்பு விவகாரத்தையும் எடுத்துப் பேசினார்கள்.

இங்கே எனக்கு உள்ள பெரிய குறை வேறு. யு.ஜி.சி. நாளைத் தள்ளியது, பணத்தைத் தள்ளவில்லை. ஆய்வேடு கொடுக்க 2022 ஜூன் வரை, உதவித்தொகை மட்டும் பழைய ஐந்து வருஷத்தோடு சரி. அப்போது மாதம் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 31,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 35,000. அது நின்ற மாதம் வீட்டில் "இன்னும் எதுக்கு அலையணும்" என்கிற பேச்சு ஆரம்பிக்கும், அந்தப் பேச்சு பெரும்பாலும் மருமகள்களிடம்தான் நடக்கும். இன்னொன்று, நீட்டிப்பு காலண்டர் மாதத்தில் எண்ணப்படுகிறது. நமக்குப் போவது பருவம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடலில் (மன்னார் வளைகுடா) சின்னப் படகை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வாடைக் காலத்தை விட்டுவிட்டால் அடுத்த வாடைக்கு ஒரு வருஷம். ஆறு மாத நீட்டிப்பு தப்பான ஆறு மாதத்தில் வந்து விழுந்தால் ஒன்றுக்கும் ஆகாது. நூலகத்தில் வேலை செய்கிறவருக்கு இது புரியாது, நண்டு ஆய்வாளருக்குப் புரிய வேண்டும்.

சரி, உன் விண்ணப்பத்துக்கு வருகிறேன் பாசிக்காரி. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி குறும்பட்டியல் போடும்போது ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், 10 வரை. கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2, அதுவும் 10 வரை. அதாவது உன் இடைவெளி இரண்டு இடத்தில் வெட்டுகிறது. ஆனால் அந்த மதிப்பெண் உன்னை உள்ளே கூப்பிடுவதற்கு மட்டும்தான், தேர்வு நேர்காணலை வைத்துத்தான். உன்னைக் கூப்பிட்டார்கள் அல்லவா, அப்படியானால் மதிப்பெண் கட்டத்தைத் தாண்டிவிட்டாய், இனி பதில்தான் முக்கியம். அந்தக் கேள்வி மறுபடி வரும். "கொரோனா சார்" என்று இரண்டு வார்த்தையில் சொல்லாதே, கேட்டவருக்குச் சிரிக்க வசதியாகிவிடும்.

சுயவிவரத்தில் கட்டுரைப் பட்டியலுக்கு மேலேயே ஒரு சின்னப் பத்தி வை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எது நின்றது, எது நிற்கவில்லை, நின்றதற்குப் பிறகு திட்டத்தை எப்படி மாற்றினாய். பிள்ளையைப் பற்றி ஒரே வரி, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். மறைத்தால் குழு தானாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளும், அது உண்மையை விட மோசமாக இருக்கும். வரைபடத்தில் அந்த மாதங்களை வெறுமையாகவே விடு, சராசரி போட்டு நிரப்பாதே. கடல் மேற்பரப்பு வெப்பத்துக்குச் செயற்கைக்கோள் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, உன் வெப்பமானி அளவுகளை அதோடு ஒப்பிட்டுப் போட்டால் மாமனார் எடுத்துவந்த தண்ணீருக்கும் மரியாதை வரும். குமிழி விழுந்த ஆக்சிஜனைத் தூக்கிப் போட்டுவிடு.

போஸ்ட்டாக் பக்கம், தேசிய போஸ்ட்டாக்குக்கு 35 வயது வரம்பு என்றால் பெண்களுக்கு 5 வருஷத் தளர்வு உண்டு. இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டங்கள் வைஸ்-கிரண் என்ற பெயரில் இருக்கின்றன. அங்கே இடைவெளியை விளக்கிக் கெஞ்ச வேண்டியதில்லை, அவர்கள் தேடுவதே அப்படிப்பட்டவர்களைத்தான்.

சின்னப்பாலம்_பொண்ணு:

நான் விஞ்ஞானி இல்லை, பி.எஸ்சி. விலங்கியல், எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. பாசிக்காரி அக்காவுக்கு ஒரு யோசனை. நீங்கள் கடலில் இறங்காத மாதங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். முதல் சில வாரம் லாரி வராததால் கொள்முதல் நின்றது, அதற்கப்புறம் நடந்தது. எங்கள் தெருவில் பாசி வாங்குகிறவரிடம் கணக்கு நோட்டு இருக்கிறது, எந்தத் தேதி, எந்தப் பாசி, காய்ந்தது எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதில் உண்டு. கஞ்சிப்பாசி தனி, கட்டக்கோரை தனி, மரிக்கொழுந்து தனி. இந்த நோட்டு உங்களுக்கு உதவாதா?

இன்னொன்றும் சொல்லணும். 2015இல் எங்கள் ஊர் லட்சுமி அக்கா பாசி எடுக்கிற பெண்களுக்காகப் பேசி அமெரிக்கா போய், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது வாங்கினார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் எங்கள் அம்மாக்களிடம் நிறையக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள், கடைசியில் நன்றி சொல்கிற பக்கத்தில் "உள்ளூர் மக்கள்" என்று இருக்கும். நோட்டை வாங்கினால் பெயர் போடுங்கள்.

பழைய_பாசிக்காரி:

நல்ல யோசனை, சின்னப் பெண்ணே, நானே நினைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். நோட்டில் இருப்பது எவ்வளவு எடுத்தார்கள் என்பது, கடலில் எவ்வளவு இருந்தது என்பதல்ல. விலை ஏறினால் அதிகம் பேர் இறங்குவார்கள், அந்த வருஷம் வேறு வேலை இல்லாமல் இறங்கியவர்களும் இருப்பார்கள். அன்றைக்கு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று நோட்டில் தெரிந்தால், ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துத் துணைத் தரவாக வைக்கலாம். 2019 நோட்டும் கிடைத்தால் உன் சொந்த அளவுகளோடு அந்த வருஷத்தை ஒத்துப்பார், ஒத்துப்போனால்தான் 2020க்குப் போக வேண்டும். பெயர் விஷயத்தில் அவள் சொன்னதே சரி. நோட்டுக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கு.

தென்கடல்பாசி:

அம்மா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது இருக்கட்டும். சின்னப்பாலம் தங்கச்சி, இந்த ஞாயிறு வருகிறேன், தனிச்செய்தியில் எண் கொடு. பத்தியை எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"2019 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை இரு நிலையங்களில் மாதாந்திர அளவீடு. துரதிர்ஷ்டவசமாக, ஊரடங்கு, ஆய்வக மூடல், பூங்கா அனுமதி இன்மை ஆகியவற்றால் 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தீவு நிலையத்தில் அளவீடு இல்லை, கரையோர நிலையத்தில் உப்புத்தன்மை, வெப்பம், நைட்ரேட் மட்டும் மீனவர் உதவியுடன் தொடர்ந்தது (நைட்ரேட் 0.8 முதல் 3.1 வரை). இதே காலத்தில் மூன்று வயதுக் குழந்தையின் பராமரிப்பு முழுமையாக என் பொறுப்பில் இருந்தது. 2021 ஜனவரியில் திட்டம் ஒரே நிலையத்தின் பருவ ஒப்பீடாக மாற்றப்பட்டு 2023இல் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. இந்தக் குறைபாட்டைக் குழு பொறுத்தருள வேண்டுகிறேன்."

கீழக்கரை_கணிப்பு:

கடைசி வரி எதுக்கு அக்கா? எடுங்க. என்ன குத்தம் பண்ணிட்டீங்க பொறுத்தருள?

வடகடல்_நண்டு:

ஆமாம், அதை எடுத்துவிடுங்கள். 2020க்கு வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் உப்பு, வெப்பம் இரண்டும் எங்கள் ஆய்வகத்தில் ஜூலையிலிருந்து இருக்கிறது, ஒப்பிட வேண்டுமென்றால் கைடிடம் கேட்டுத் தருகிறேன். என் நண்பனுக்கும் இந்தப் பத்தியை அனுப்புகிறேன், அப்பா விஷயத்தை அவனும் ஒரு வரி எழுதட்டும்.

பழைய_பாசிக்காரி:

"துரதிர்ஷ்டவசமாக" என்பதையும் எடு. "மீனவர் உதவியுடன்" என்பதில் மாமனார் பெயரைப் போடு, அவர் சம்மதித்தால். நைட்ரேட்டுக்கு அலகு விட்டுப்போயிருக்கிறது, லிட்டருக்கு மைக்ரோமோல்தானே? அதைச் சேர்த்துவிட்டு அனுப்பு.